மூச்சு இல்லாத ஆல்பம்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அங்கே ஏதோ ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். "மேடம், ‘சாயங்கால பஸ்’ ஆல்பத்துல குரல் சுத்தம் பண்ணது நீங்கதானே? இப்ப ஒரு பட்டனத் தட்டினா பாடறவங்க மூச்சுச் சத்தமெல்லாம் தானா போயிடுது. ஆனா அந்த ஆல்பம் மாதிரி வரவே மாட்டேங்குது. நீங்க கையாலயே பண்ணீங்களாமே, எப்படி மேடம்?" என்று கேட்டாள். வேலையை விட்டு இரண்டு வருஷமாகி வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

செஞ்சியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோவா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இருந்தது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடி. ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, மற்ற நாளெல்லாம் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு விளம்பரம். ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே ஆள்தான் ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போவார். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அங்கே புக்கிங் எழுதப் போனவள் நான். டேப் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போய்விட்டார். "நீ உக்காரு பவுனு," என்றார் முதலாளி. உட்கார்ந்தேன். டேப் போய் கம்ப்யூட்டர் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதலாளி அரங்கநாதன் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. காலையில் வந்ததும் ஈரத்துணியால் மிக்ஸரின் ஒவ்வொரு குமிழையும் தானே துடைப்பார். பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை மட்டும் தூக்கி வைத்திருப்பார். தப்பு வரும் இடத்தில் அந்த விரல் மடங்கும். ஏன் மடங்கியது என்று சொல்லமாட்டார். கண்டுபிடிக்க வேண்டியது நம் பாடு. கண்டுபிடித்துவிட்டால் பாராட்டமாட்டார், விரல் மறுபடி நிமிரும், அவ்வளவுதான். அந்த விரல் நிமிர்வதற்காக நான் மதியச் சோற்றை மறந்த நாட்கள் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை. பாட்டில் பாடுகிறவரின் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. "சாமிப் பாட்டுல மனுஷன் மூச்சு எதுக்கு? அம்மனுக்கு மூச்சு வாங்குமா?" என்பார். அம்மன் பாட்டில் ஆரம்பித்தது விளம்பரம் வரைக்கும் சட்டமாகிவிட்டது. ஆகவே என் வேலையில் முக்கால் பங்கு மூச்சு வெட்டுவது.

அதைச் சும்மா வெட்டியெறிந்துவிட முடியாது. திரையில் குரல் அலையலையாகப் போகும். இரண்டு வரிக்கு நடுவில் வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டது போலச் சின்னதாக ஒரு பொருக்கு தெரியும், அதுதான் மூச்சு. அதை மட்டும் எடுத்துவிட்டால் அந்த இடம் செத்துப்போகும், காதுக்குக் குழி விழுந்தது தெரிந்துவிடும். அதனால் பாடகர் வருவதற்கு முன்பே ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஆளில்லாத அறையை ஒரு நிமிஷம் பதிவு செய்து வைத்துக்கொள்வேன். மூச்சை எடுத்த இடத்தில் அந்த வெறும் அறையை அளவாக நறுக்கி ஒட்டி, இரண்டு ஓரத்தையும் இழைத்துவிடுவேன். ஒரு பாட்டுக்கு ஒருநாள் பிடிக்கும். போன் செய்த பெண்ணே, பட்டனால் வராதது இதுதான். போதுமா?

சரி, தசரதனும் ஏழுமலையும் வந்த கதைக்கு வருகிறேன்.

வல்லம் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் நான்கு பேர். எல்லாரும் காலேஜ் முடித்தவர்கள். தசரதன் பாடுவான், ஏழுமலை டிரம்ஸ், மற்ற இருவர் கிடார். குழுவின் பெயர் ‘ஓட்ட சைலன்சர்’. "நாங்க பங்க் பேண்டுக்கா," என்றான் தசரதன். எனக்கு அதுவரைக்கும் பங்க் என்றால் பெட்ரோல் போடுகிற இடம்தான். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. காட்டுக் கத்தல். ஆனால் கத்தியதெல்லாம் உண்மை. அவர்கள் ஸ்டாப்பில் மட்டும் பஸ் நிற்காமல் போவதைப் பற்றி ஒரு பாட்டு. "நிக்காத பஸ்ஸுக்கு நிழற்குடை எதுக்கு?" என்று தசரதன் மைக்கைப் பிடித்துக் கேட்டபோது எனக்குப் பிடரி மயிர் நின்றது. முதலாளியின் விரல் மடங்கியது மடங்கியபடியே இருந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் டீ வந்தது. எங்களுக்குக் கண்ணாடி டம்ளர், அவர்களுக்குப் பேப்பர் கப். வாங்கி வரச் சொன்னது முதலாளி. எடுத்துக் கையில் கொடுத்தது நான். ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.

நான்கு பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்து ஒன்றாகப் பதிவு செய்தோம். ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. யாருமே ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ஆனால் தசரதன் வாய் திறக்கிற அதே நொடியில் ஏழுமலையின் அடி இடி மாதிரி விழும். ஒரு மயிரிழை பிசகாது.

"யாருப்பா எண்ணறது?" என்று கேட்டேன்.

"எண்றதா? அதெல்லாம் இல்லக்கா," என்றான் ஏழுமலை. கூச்ச சுபாவி, பேசும்போது குச்சியைப் பார்த்துத்தான் பேசுவான். "அவன் பாடறதுக்கு மின்ன ஒரு மூச்சு இழுப்பான் பாரு. அத்த வெச்சுதான் அடிக்கறேன்."

தசரதன் சிரித்தான். "நான் எங்கடா மூச்சு இழுக்கறேன்?"

"உனக்கு இன்னா தெரியும்? எனக்குத்தான் தெரியும்."

இரண்டு பேரும் ஒரே தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஏழுமலைக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது தசரதனின் அப்பாதான் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாராம். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர் அவர். ஏழுமலையும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவான்.

அந்தப் பாட்டுகள் செல்போனில் பரவின. இரண்டு வருஷம் கழித்து ஒரு சென்னைக் கம்பெனி தசரதனைத் தேடி வந்தது. அவனை மட்டும். கத்தல் வேண்டாம், எல்லாரும் கேட்கிற மாதிரி இனிமையாக ஒரு ஆல்பம் பாடு என்றார்கள். அவன் ஒத்துக்கொண்டான். இதற்காக அவனைக் குறை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். என்னிடம் அவன் சொன்னது இதுதான்:

"கத்திக் கத்தித் தொண்டதான் போச்சுக்கா. பஸ் இன்னும் நிக்கல. எங்க நைனா என் பாட்டு ஒண்ணக்கூட முழுசா கேட்டதில்ல, பாதியிலயே காத பொத்திக்கினு எழுந்து போயிடுவாரு. அவரு உக்காந்து கேக்கற மாதிரி ஒரு பாட்டு பாடிடணும்."

நம் ஊரில்தான் குரல் நன்றாக வருகிறது என்று அடம்பிடித்து, குரலை எங்கள் ஸ்டுடியோவிலேயே பதிவு செய்ய வைத்தான். இன்னொரு அடமும் பிடித்தான். கம்பெனி, தாளத்தைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றது. "ஏழுமலை இல்லாம நான் பாடமாட்டேன்" என்று இவன் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. முதல் பாட்டான ‘சாயங்கால பஸ்’ஸுக்கு ஏழுமலை வாசிக்கட்டும். சரியாக வந்தால் ஆல்பம் முழுக்க அவன். வராவிட்டால் மெஷின்.

அந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய பாட்டில் நிற்காத அதே பஸ் இதில் நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் வேறு உட்கார்ந்திருந்தாள். நல்ல பாட்டுத்தான், மெட்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் வேறு சத்தமே கிடையாது, தசரதனின் குரல் மட்டும் விருத்தம் போல அவன் இஷ்டத்துக்கு நான்கு வரி போகும். பிறகு ஒரு இடைவெளி, அங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. அது முடிகிற இடத்தில் குரலும் டிரம்ஸும் ஒன்றாக விழ வேண்டும். அதற்கப்புறமும் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் இழுத்தும் கொஞ்சம் முந்தியும்தான் வரும், அது அவன் பாடுகிற விதம். குரலை முதல் வாரமே பதிவு செய்துவிட்டோம். முதலாளி வழக்கம் போலச் சொன்னார். "சுத்தம் பண்ணிடு பவுனு." பண்ணினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் பண்ணியதில்லை.

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். சென்னையிலிருந்து வந்த புரொடியூசர் அரைக்கால் சட்டை போட்ட சின்ன வயசுக்காரர். குரலைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "யாரு மேடம் இத பண்ணது? நீங்களா? சென்னையில இந்த மாதிரி கை இல்ல மேடம். ஆல்பத்துல உங்க பேரு வரணும்," என்றார்.

என் பெயர். அத்தனை வருஷத்தில் எத்தனை கேசட், எத்தனை சிடி. எல்லாவற்றிலும் ஒலிப்பதிவு அரங்கநாதன். என் வீட்டுக்காரருக்கே நான் அங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று முழுசாகத் தெரியாது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் ஏழுமலை உள்ளே போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டை போட்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முதலாளி, புரொடியூசர், பெஞ்சில் தசரதன், நாற்காலியில் நான். குரலை அவன் ஹெட்போனுக்குள் ஓட்டினேன்.

முதல் தடவை அடி பின்தங்கி விழுந்தது. இரண்டாவது தடவை முந்திக்கொண்டது. மூன்றாவது தடவை அடித்தானே ஒழிய, ஒவ்வொரு வரிக்கும் தடுமாறினான். ஒரு அடி என்றால் கம்ப்யூட்டரில் நகர்த்தி வைத்துவிடலாம். பாட்டு முழுக்க நகர்த்த முடியுமா?

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னான். "அக்கா, காதுல இன்னாவோ கொறையுதுக்கா."

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு. அவன் எதை வைத்து அடிப்பானோ அதைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துவிட்டு, அங்கெல்லாம் வெறும் அறையை ஒட்டி வைத்திருந்தேன். வெட்டாத குரல் இன்னொரு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. எடுத்துப் போடப் பத்து நிமிஷம். "என் தப்பு, இருங்க" என்று ஒரு வார்த்தை.

முதலாளி மெதுவாகச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

புரொடியூசரும் சிரித்தார். கூடம் கோணல்தான். கோணலாக்கியவள், உள்ளே இருப்பவனோடு பேசுகிற மைக் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால், சற்றுமுன் அவர் புகழ்ந்த அந்தச் சுத்தம்தான் கோளாறு என்று ஆகும். முதலாளியின் கொள்கை சபையில் சிரிப்பாய்ச் சிரிக்கும். என் பெயர் போகும். இவ்வளவும் ஒரு நொடியில் மனசில் ஓடியது. பயந்துபோய் வாயடைத்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பொய். யோசித்துத்தான் பட்டனை அழுத்தினேன்.

"எல்லாம் சரியாதாம்பா வருது," என்றேன். "இன்னொரு தடவ போலாம்."

அவன் என்னை நம்பினான். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. நான் சொன்னதும் காதில் கோளாறில்லை, கையில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டான். குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டினேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பெஞ்சிலிருந்து தசரதன் எழுந்தான். மைக் பட்டனை அவனே அழுத்தினான். "வேணும்னே பண்றியாடா? நான் தனியா பாடறது உனக்கு எரியுதா? எரியுதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான். ஹெட்போனை மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனான். தசரதன் பின்னால் ஓடுவான் என்று நினைத்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

எல்லாரும் போன பிறகு முதலாளி குமிழ்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மூச்சுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"மூணாவது தடவையிலேயே தெரியும். கேக்காதத நாம ஏன் சொல்லணும்? விடு." துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

ஆல்பம் மெஷின் தாளத்தோடு வந்தது, நன்றாக ஓடியது. டீக்கடை, டவுன் பஸ், கல்யாண வீடு, எங்கே போனாலும் அதுதான். ‘குரல் சீரமைப்பு: கோ. பவுனம்மாள்’ என்று போட்டிருந்தார்கள். தெருவில் நாலு பேரிடம் காட்டினேன், மறைப்பானேன். தசரதன் சென்னைக்குப் போய்விட்டான். ‘ஓட்ட சைலன்சர்’ அத்தோடு முடிந்தது. ஏழுமலை குச்சியைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். தசரதனோடு பேச்சும் இல்லை.

இப்போது ஏழுமலை கேன் தண்ணீர் வண்டி ஓட்டுகிறான். எங்கள் தெருவுக்கும் அவன்தான் போடுகிறான். இரண்டு வருஷமாக வாரம் இரண்டு முறை என் வீட்டுக்குள் வந்து கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேங்க்கா" என்று போவான். ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வரும், முழுங்கிவிடுவேன். அந்தப் பெண் போன் செய்த மறுநாள் அவன் வந்தபோது நிறுத்தி உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டபோது கையோடு கொண்டுவந்த டிஸ்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் வெட்டாத குரலைப் போட்டேன்.

நான்கு வரி போனது. இடைவெளி வந்தது. அதன் கடைசியில் தசரதன் மூச்சை இழுத்தான். ஏழுமலையின் கை மடியில் இருந்த காலிக் கேன் மேல் விழுந்தது. குரலும் அடியும் ஒன்றாக விழுந்தன. அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும். பாட்டு முடிகிற வரைக்கும் அவன் நிறுத்தவில்லை.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சு," என்றான்.

"உன் கைமேல ஒரு தப்பும் இல்லப்பா. எல்லாம் நான் பண்ணது. தசரதன் நம்பர் இருக்குது. இப்பவே பேசி சொல்லிடறேன்."

"வேணாங்க்கா." அவன் எழுந்துகொண்டான். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நைனா செத்தப்ப நான் போவல. எட்டு வருசம் ஆவுது. என் கை தடுமாறனத சாக்கா வெச்சி அவன் வேணும்னே என்ன தள்ளிட்டான்னு நெனச்சினு இருந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தேன். மாலை வாங்கினு வந்தேன். அவன் கொள்ளிச்சட்டி தூக்கினு வர்றதப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன். மாலைய ஏரியில போட்டுட்டேன்."

வாசல்படியில் நின்று செருப்பை மாட்டினான். "நான் எரிச்சல்ல வேணும்னே கெடுத்தேன்னுதானே அவன் நெனச்சினு இருக்கறான்? அப்படியே இருக்கட்டும். அந்த எரிச்சல்லதான் நைனா சாவுக்கு நான் வரலன்னு அவனுக்கு ஒரு காரணமாவது இருக்குது. இத்த சொன்னா அதுவும் இருக்காது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். ஆனால் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடி நான் கெடுத்தது போதும். இதைப் படித்தால் ஏழுமலை என் வீட்டுக்குத் தண்ணீர் போடுவதை நிறுத்திவிடுவான். நிறுத்தட்டும்.

தம்பி தசரதா, இது உன் கண்ணில் பட்டால் தெரிந்துகொள். உங்கள் நைனாவின் சாவுக்கு ஏழுமலை வந்தான். மாலையோடு தெருமுனை வரைக்கும் வந்தான்.